இருமிப் பார்த்துச் சொல்லுங்கள்: பைபாஸுக்குப் பின் வலி மாத்திரைகளோடு நான் கழித்த நாட்கள்

வீட்டுக்கு வந்து பார்த்தவர்கள் எல்லாரும் எத்தனை அடைப்பு, எவ்வளவு செலவு என்று விசாரித்தார்கள். எப்படி இருமினீர்கள் என்று ஒருவர்தான் கேட்டார். அவர் குன்னூர்க்காரர். எனக்கு இரண்டு நாள் முன்பு அதே மருத்துவமனையில் நெஞ்சைத் திறந்து தைத்துக்கொண்டவர். அந்தக் கேள்வியின் அருமை பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

எனக்கு வயது 62. கோத்தகிரிப் பக்கத்து அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பதினைந்து வருடமாகச் சர்க்கரை நோய், இரவில் இன்சுலின். கோவையில் இதய ரத்தக்குழாய்களில் மூன்று இடங்களில் அடைப்பைத் தாண்டி மாற்றுப்பாதை அமைக்கும் பைபாஸ் அறுவை சிகிச்சை செய்து 14 மாதங்கள் ஆகின்றன. வீடு திரும்பியபின் சாப்பிட்ட ஓபியாய்டு வகை, அதாவது அபினிலிருந்து வரும் அல்லது அபினைப்போல வேலை செய்யும் வலி மாத்திரைகளைப் பற்றித்தான் இங்கே முக்கியமாக எழுதுகிறேன். இதில் வரும் அளவுகள் என் உடம்புக்காக எழுதப்பட்டவை. உங்களுக்கு எது, எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பைபாஸில் நெஞ்செலும்பை நெடுக அறுத்துத் திறக்கிறார்கள். வேலை முடிந்ததும் எஃகுக் கம்பியால் இழுத்துக் கட்டுகிறார்கள். எலும்பு கூடுவதற்கு ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும், சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகலாம். அதுவரை ஒவ்வொரு இருமலும் தும்மலும் அந்த வெட்டைப் பிளப்பதுபோல இருக்கும். வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டால் நுரையீரலின் அடிப்பகுதி விரியாது, சளி தேங்கும், நிமோனியாவில் கொண்டுபோய் விடும். வார்டில் இருந்த சிஸ்டர் ஒருவர் இதை ஒரே வாக்கியத்தில் எனக்குப் புரியவைத்தார். "படுத்திருக்கும்போது வலி எவ்வளவு என்று நான் கேட்கவில்லை அம்மா, தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நன்றாக இருமிப் பார்த்துச் சொல்லுங்கள், பத்துக்கு எத்தனை?" அன்று முதல் எந்த மாத்திரையையும் அந்த ஒரு கேள்வியால்தான் எடைபோட்டேன். வலியே இல்லாமல் கிடப்பதற்காக மாத்திரை கொடுப்பதில்லை. இருமவும், மூன்று பந்துக் கருவியில் மூச்சை இழுத்துப் பந்துகளை மேலே நிறுத்தவும், எழுந்து நடக்கவும் முடிய வேண்டும் என்பதற்காகத்தான் கொடுக்கிறார்கள்.

எட்டாம் நாள் டிஸ்சார்ஜ். கையில் கொடுத்தது டிரமடால் 50 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூன்று. கூடவே பாராசிட்டமால் 650, அதுவும் மூன்று வேளை. டிரமடால் வலியைக் குறைத்தது, அதை மறுக்கமாட்டேன். சாப்பிட்டு ஒன்றரை மணி நேரத்தில் இருமல் வலி எட்டிலிருந்து நாலுக்கு இறங்கும். ஆனால் குமட்டல்! மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் வயிறு புரட்டியது. குஞ்சப்பனை வருவதற்குள் மகள் காரை இரண்டு முறை நிறுத்தினாள். நெஞ்சு பிளந்து பத்து நாள்கூட ஆகாத ஒருத்தி சாலையோரம் தலையணையைக் கட்டிக்கொண்டு வாந்தி எடுப்பது எப்படிப்பட்ட வேதனை என்று என்னால் விவரிக்க முடியவில்லை. மகள் என் முதுகைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கோவையிலிருந்தோ மதுரையிலிருந்தோ மலை ஊருக்குத் திரும்புகிறவர்கள் தயவுசெய்து ஒன்று செய்யுங்கள். டிஸ்சார்ஜுக்கு முன்பே, "நாங்கள் மலைப்பாதையில் போக வேண்டும், குமட்டலுக்கு என்ன தருவீர்கள்?" என்று கேட்டு மருந்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்தும் குமட்டல் விடவில்லை. ராகிக் களியின் வாசனையே ஆகவில்லை. நான்காம் நாள் விடியற்காலை மூன்றரை மணிக்கு வியர்த்துக் கொட்டி விழித்தேன். கை நடுங்கியது. சோதித்தால் சர்க்கரை 58. மகள் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தாள். காலையில் போனில் பேசிய மருத்துவர், சாப்பாடு இறங்காததும் இன்சுலினும் முக்கியக் காரணமாக இருக்கலாம், ஆனால் டிரமடாலே சிலருக்குச் சர்க்கரையை இறக்குவதுண்டு என்றார். சர்க்கரை நோயாளிகள் இதை மனதில் வைத்திருக்க வேண்டும். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுபவர்களும், எப்போதாவது வலிப்பு வந்தவர்களும் டிரமடால் தொடங்கும் முன்பே அதை மருத்துவரிடம் சொல்லிவிடுவது அவசியம். அந்த மருந்து மூளையில் செரடோனின் என்ற வேதிப்பொருளையும் கூட்டுகிறது, வலிப்பு வரும் வாய்ப்பையும் கூட்டுகிறது.

அன்றே டபென்டடால் 50 மில்லிகிராமுக்கு மாற்றினார். டிரமடால் 1977-இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த மருந்து. டபென்டடாலையும் அதே நிறுவனம்தான் பின்னாளில் உருவாக்கியது. இரண்டும் உறவுக்காரர்கள், ஆனால் குணம் வேறு. டிரமடாலின் ஓபியாய்டு வேலையில் பெரும்பகுதி, கல்லீரலில் ஒரு நொதி அதை வேறு பொருளாக மாற்றிய பிறகே நடக்கிறது. டபென்டடாலுக்கு அந்த மாற்றம் தேவையில்லை. செரடோனினிலும் அது அதிகம் கைவைப்பதில்லை. எனக்கு முதல் நாளே வித்தியாசம் தெரிந்தது. முக்கால் மணி நேரத்தில் வலி இறங்கியது. இருமல் மூன்றுக்கு வந்தது. மதியம் ரசம் சாதம் முழுதாகச் சாப்பிட்டேன். மூன்று பந்தில் இரண்டு மேலே நின்றன. குறை இல்லாமலும் இல்லை: தலை கிறுகிறுப்பு, காலையில் ஒரு மந்தம். கழிப்பறைக்கு எழும்போதெல்லாம் யாராவது கையைப் பிடிக்க வேண்டியிருந்தது.

மலச்சிக்கல் விஷயத்தில் இரண்டுமே ஒன்றுதான் என்பேன். எனக்கு டபென்டடாலில் கொஞ்சம் குறைவாக இருந்தது, அவ்வளவே. இதைப் பேச வெட்கப்படுகிறோம், ஆனால் பேசியாக வேண்டும். குமட்டலும் தூக்கமும் சில நாட்களில் உடம்புக்குப் பழகிவிடும். மலச்சிக்கல் பழகாது, மாத்திரை உள்ள வரை இருக்கும். முக்கும்போது நெஞ்செலும்பில் விழும் பாரம் இருமலுக்குச் சற்றும் குறைந்ததல்ல, இதயத்துக்கும் நல்லதல்ல. ஆறு நாள் போகாமல் இருந்து ஏழாம் நாள் கழிப்பறையில் உயிர் போய் உயிர் வந்தது. டிஸ்சார்ஜ் சீட்டில் மலமிளக்கி எழுதப்படவே இல்லை. அக்கம்பக்கத்தில் மலமிளக்கும் இசப்கோல் உமியைக் கொடுக்கச் சொன்னார்கள். எனக்குத் தண்ணீர் நாளுக்கு ஒன்றரை லிட்டர்தான் என்று அளவு இருந்தது. அந்த உமி தண்ணீர் இல்லாமல் வேலை செய்யாது, குடலில் அடைத்துக்கொள்ளவும் கூடும். மருத்துவர் இரவில் லாக்டுலோஸ் சிரப்பும், தேவைப்பட்டால் பிசாகோடில் மாத்திரையும் கொடுத்தார். இரண்டு நாளில் சரியானது. ஓபியாய்டு மாத்திரை எழுதும் அதே சீட்டில் மலமிளக்கியும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள்.

குன்னூர் அண்ணாவுக்குக் கோடீனும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை கொடுத்திருந்தார்கள். "டீச்சர், மூன்று நாளாகச் சாப்பிடுகிறேன், சுண்ணாம்பு சாப்பிட்டதுபோல இருக்கிறது" என்றார் போனில். காரணம் எனக்கு ஆர்வமூட்டியது. கோடீன் தானாக வலியைப் போக்குவதில்லை. முன்பு சொன்ன அதே நொதி அதை மார்பினாக மாற்ற வேண்டும். அந்த நொதி பிறப்பிலேயே வலுவில்லாதவர்களுக்குக் கோடீன் பயன்படாது. மிக வேகமாக வேலை செய்பவர்களுக்கோ அளவுக்கு மீறிய மார்பினாகிவிடும். வகுப்பில் ஆல்கலாய்டு என்னும் தாவர வேதிப்பொருள்களை நடத்தும்போதெல்லாம் நம் மலையைத்தான் உதாரணம் காட்டுவேன். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் 1860-களில் சின்கோனா நட்டார்கள், அந்தப் பட்டையிலிருந்து கொய்னா எடுத்தார்கள், கசகசாச் செடியின் பாலிலிருந்து வருபவை மார்பினும் கோடீனும் என்று. ஒரே கோடீன் இரண்டு உடம்பில் இரண்டு விதமாக நடக்கும் என்பதைச் சொல்லிக்கொடுக்க அப்போது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அண்ணாவுக்கும் டபென்டடால் மாற்றியபின் தூக்கம் வந்தது.

மார்பின் மாத்திரையை நான் சாப்பிடவில்லை. அறுவை சிகிச்சைக்குப் பின், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு எனக்கு ஏறியிருந்தது. சிறுநீரகம் தளர்ந்தால் மார்பினின் கழிவுப்பொருள்கள் உடலில் தங்கி மயக்கத்தையும் மூச்சுத் தளர்ச்சியையும் தரும் என்பதால் தவிர்த்தார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகன் அங்கெல்லாம் ஆக்சிகோடோன் என்ற இன்னொரு ஓபியாய்டு கொடுப்பதாகச் சொன்னான். நம் ஊர் மருந்துக்கடைகளில் அதை எதிர்பார்க்க முடியாது.

இடையில் ஒரு நாள் பக்கத்துத் தோட்டத்துப் பெண் பாசத்தோடு, தன் மூட்டுவலி மாத்திரையைக் கொண்டுவந்தார். டைக்ளோஃபெனாக். "இதைப் போட்டால் ஒரே நாளில் சரியாகிவிடும் அக்கா." கையில் வாங்கியும்விட்டேன். மகள் பிடுங்கிக்கொண்டாள். பைபாஸ் செய்தவர்களுக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் மாரடைப்பு, பக்கவாத அபாயத்தைக் கூட்டும். அந்த மருந்துகளின் எச்சரிக்கைக் குறிப்பிலேயே பைபாஸ் வலிக்குத் தரக்கூடாது என்று இருக்கிறது. சிறுநீரகத்துக்கும் கெடுதல். வீட்டில் ஒருவராவது இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். எனக்குத் தூக்கம் வராதபோது கைக்கெட்டும்படி, பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் வரவைக்கும் அல்பிரசோலாம் மாத்திரையின் பழைய அட்டை ஒன்றும் அலமாரியில் இருந்தது. ஓபியாய்டோடு அதைச் சேர்த்தால் தூக்கத்திலேயே மூச்சு அடங்கிப்போகலாம். அதையும் மகள்தான் எடுத்து ஒளித்தாள்.

பெரும்பாலானவர்கள் இரண்டு மூன்று வாரத்தில் பாராசிட்டமாலுக்கு மட்டும் வந்துவிடுவார்கள் என்றார் மருத்துவர். எனக்கு மார்கழிக் குளிரில் சளி பிடித்து இருமல் விடாததால் டபென்டடால் நான்கு வாரம் நீண்டது. அந்த நான்காவது வாரத்தில் மாத்திரை தீர்ந்தது. இங்கே உள்ள இரண்டு கடைகளில் இருப்பில் இல்லை. ஓபியாய்டு மாத்திரைகளுக்குக் கட்டுப்பாடு அதிகம். டிரமடாலை 2018-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழேயே கொண்டுவந்துவிட்டார்கள். சிறு கடைகள் வாங்கி வைக்கவே தயங்குகின்றன. கடைக்காரத் தம்பி, "ஊட்டியில் கேட்டுப் பாருங்கள் டீச்சர்" என்று கைவிரித்தார். சரி, நிறுத்திவிடலாம் என்று ஒரேயடியாக நிறுத்தினேன். மறுநாள் கொட்டாவிமேல் கொட்டாவி, மூக்கு ஒழுகல், வியர்வை, ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு. இதயத்துக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று வீடே நடுங்கியது.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். மாத்திரைக்கு உடம்பு பழகிப்போவது வேறு, அடிமையாவது வேறு. பழகிய உடம்பிடமிருந்து மெல்ல மெல்ல எடுக்க வேண்டும். ஊட்டியிலிருந்து மாத்திரை வரவழைத்து, மூன்றை இரண்டாக்கி நான்கு நாள், இரவு ஒன்று மட்டும் நான்கு நாள், பிறகு நிறுத்தம். எந்தத் தொல்லையும் வரவில்லை. மலையில் இருப்பவர்கள் கடைசி ஐந்து மாத்திரை இருக்கும்போதே அடுத்த சீட்டுக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மழையில் பாதை அடைபட்டால் ஊட்டியும் தூரம்தான்.

ஒரு வலியிடம் இந்த மாத்திரைகள் எல்லாமே தோற்றன. பைபாஸுக்காக என் இடது மார்பின் உட்பக்கத் தமனியை எடுத்திருந்தார்கள். அங்கே நரம்புகள் சேதப்பட்டதால் இடது மார்பில் மரத்துப்போன உணர்வும், அதன் நடுவே மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிச்சலும் மாதக் கணக்கில் இருந்தன. சேலைத் தலைப்பு உரசினாலே துடிப்பேன். பெண்களுக்கு மார்பின் பாரம் தையலைக் கீழே இழுக்கும். முன்பக்கம் கொக்கி வைத்த, கம்பி இல்லாத மென்மையான உள்ளாடையை இரவும் பகலும் போட்டுக்கொண்டது ஒரு மாத்திரைக்குச் சமமாக உதவியது. இதை எந்த ஆண் மருத்துவரும் எனக்குச் சொல்லவில்லை, சிஸ்டர்தான் சொன்னார். எரிச்சலுக்கு, நரம்பு வலிக்கான பிரீகாபலின் 75 மில்லிகிராம் இரவில் ஒன்று. அதையும் டபென்டடால் முழுதாக நின்றபிறகே தொடங்கினார்கள். இரண்டும் சேர்ந்தால் மூச்சு தளரும். மூன்று மாதத்தில் எரிச்சல் பாதியாயிற்று. குளிருக்கு அந்த இடத்தில் வெந்நீர்ப் பை வைத்து, மரத்த தோலுக்குச் சூடு தெரியாமல் கொப்பளமே வந்துவிட்டது. ஆறுவதற்கு மூன்று வாரம். வைக்காதீர்கள்.

இப்போது தேயிலைத் தோட்டத்துச் சரிவில் ஏறி இறங்குகிறேன். இருமினால் வலிப்பதில்லை. இடது மார்பில் ஒரு கையகல இடம் இன்னும் மரத்தே இருக்கிறது. மீந்துபோன ஆறு டபென்டடால் மாத்திரைகளைப் பல மாதம் பெட்டியில் வைத்திருந்தேன், எதற்கும் இருக்கட்டும் என்று. கல்லூரிக்குப் போகும் பேரன் விடுமுறைக்கு வருவதற்கு முதல் நாள் எடுத்தேன். அட்டையிலிருந்து பிரித்து, காலையில் வடிகட்டிய ஈரத் தேயிலைத் தூளோடு பிசைந்து, பையில் கட்டிக் குப்பையில் போட்டோம். அட்டையில் இருந்த என் பெயரை மகள் பேனாவால் அடித்தாள்.