அலாரமா, கேள்வியா, அட்டையா? கவனம் நிற்காதவர்களுக்கான குரூப் 4 படிப்பு முறைகள்

புத்தகத்தைத் திறந்து பத்து நிமிடம் ஆகியிருக்கும். கண் வரிவரியாக இறங்கிக்கொண்டேதான் இருக்கும். பக்கத்தைப் புரட்டும்போதுதான் தெரியும், முந்தைய பக்கத்திலிருந்து ஒரு சொல்கூட உள்ளே போகவில்லை என்று. இப்படிப்பட்டவர்களுக்கு டிஎன்பிஎஸ்சி குரூப் 4 ஒரு வகையில் வசதியான தேர்வு. 200 கேள்வி, 300 மதிப்பெண், எல்லாமே கொள்குறி வகை. தமிழில் 100, பொது அறிவில் 75, திறனறிவில் 25. கட்டுரை எழுதும் வேலை கிடையாது என்பதால் பாடத்தைத் துண்டு துண்டாக நறுக்கிப் படிக்கலாம். எதை வைத்து நறுக்குவது என்பதில்தான் ஆளுக்கொரு யோசனை.

அலாரம் வைத்து நேரத்தை நறுக்கலாம். இத்தனை கேள்வி, இத்தனை பக்கம் என்று வேலையை நறுக்கலாம். அல்லது, மறந்துபோவதை மட்டும் அட்டையில் எழுதி நாள்கணக்கில் நறுக்கலாம். மூன்றையும் அளக்க ஒரே கோல் போதும்: இந்த முறை எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை உங்களிடம் பதில் கேட்கிறது? வாசிப்பு எதையும் கேட்பதில்லை. அதனால்தான் வாசிக்கும்போது மனம் நழுவுகிறது. அதே ஆளிடம் பத்துக் கேள்வி கொண்ட தாளைக் கொடுத்தால் பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருப்பார்.

அலாரம்

பெயர் பெற்றது பொமோடோரோ. 1980களின் கடைசியில், இத்தாலியில் மாணவராக இருந்த பிரான்செஸ்கோ சிரில்லோ, தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரம் ஒன்றை வைத்துப் படித்த முறை இது. இத்தாலிய மொழியில் தக்காளிக்குப் பெயர் பொமோடோரோ. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. நான்கு சுற்று முடிந்தால் 15 முதல் 30 நிமிடம் நீண்ட ஓய்வு.

உட்காரவே மனமில்லாத நாளில் இதை அடிக்க வேறு முறை இல்லை. "இருபத்தைந்து நிமிஷம்தானே" என்று சொல்லி உட்கார வைத்துவிடும். ஆனால் உட்கார்ந்த பிறகு மனம் எட்டாவது நிமிடத்தில் கிளம்பிப் போனால், அலாரத்துக்கு அது தெரியாது. அது பாட்டுக்கு 25 வரை ஓடி மணி அடிக்கும். நீங்களும் நோட்டில் ஒரு டிக் போட்டுக்கொள்வீர்கள். ஒரு நாளுக்கு எட்டு டிக் விழுந்தும் மாதிரித் தேர்வில் மதிப்பெண் ஏறாமல் நிற்பவர்களுக்குப் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

25 என்பது வேத வாக்கு இல்லை. மூன்று நாள் அளந்து பாருங்கள். அலாரம் இல்லாமல் உட்கார்ந்து, தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, மனம் ஓடியது தெரிந்தவுடன் ஓரத்தில் மணியைக் குறியுங்கள். ஒன்பது, பன்னிரண்டு, பத்து என்று வந்தால் உங்கள் சுற்று 10 நிமிடம். ஓய்வு 2 நிமிடம். வாரம் ஒருமுறை 2 நிமிடம் கூட்டலாம். ஒரே தாவலில் 25க்குப் போனால் நான்காம் நாளே விட்டுவிடத் தோன்றும்.

இரண்டாவது ஓட்டை, ஓய்வு. ஐந்து நிமிட ஓய்வில் போனை எடுத்தால் அது இருபத்தைந்து நிமிடமாகத்தான் திரும்பி வரும். தண்ணீர் குடிப்பது, மொட்டை மாடியில் நாலு நடை, முகம் கழுவுவது: திரை இல்லாத எதுவும் சரி. மூன்றாவது ஓட்டை கணக்கில் தெரியும். கூட்டுவட்டிக் கணக்கின் நடுவில் மணி அடித்தால், எழுந்து போனாலும் பாதி மூளை கணக்கிலேயே கிடக்கும். திரும்பி வந்தால் முதல் வரியிலிருந்து தொடங்க வேண்டும். கணக்கு நேரத்தில் அலாரத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம்.

கேள்வி

இங்கே கடிகாரத்துக்குப் பதில் வேலை அளவு. "இந்த மூன்று பக்கம், இந்தப் பத்துக் கேள்வி, அவ்வளவுதான்" என்று முடிவுக்கோடு முன்பே போடப்படுகிறது. சமச்சீர்ப் புத்தகத்துக்கு இது அச்சில் வார்த்தாற்போல் பொருந்தும், ஏனென்றால் பாடத்தின் கடைசியில் பயிற்சி வினாக்கள் தயாராகவே இருக்கின்றன. ஒரு சுற்று இப்படிப் போகலாம்:

பாடத்தைத் தொடாமல் முதலில் பயிற்சி வினாக்களைப் படித்து, தெரியாவிட்டாலும் ஊகித்துப் பென்சிலால் குறிக்க 2 நிமிடம். அந்த விடைகளைத் தேடிக்கொண்டே இரண்டு மூன்று பக்கம் வாசிக்க 8 நிமிடம். புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் நின்ற பெயர், ஆண்டு, காரணம் ஆகியவற்றை ரஃப் நோட்டில் கிறுக்க 4 நிமிடம். புத்தகத்தைத் திறந்து, விட்டதைச் சிவப்பு மையில் சேர்க்க 3 நிமிடம். அதே தலைப்பில் முந்தைய ஆண்டு வினாக்கள் பத்து: 9 நிமிடம். மொத்தம் 26. கடைசி ஒன்பது நிமிடத்துக்குக் காரணம் உண்டு. தேர்வில் 180 நிமிடத்துக்கு 200 கேள்வி, அதாவது கேள்விக்கு 54 விநாடி. பத்துக்கு 9 நிமிடம்.

புத்தகத்தை மூடும் அந்த 4 நிமிடம்தான் பலருக்கும் கசக்கும். ஒன்றும் தெரியாததுபோல் இருக்கும். அதைத் தவிர்க்கத்தான் திரும்பத் திரும்ப வாசிப்பதும், மஞ்சள் ஹைலைட்டரால் பக்கத்தையே சாயம் போடுவதும். உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் வெளியிட்ட சோதனை இதற்கு நேரான பதில். ஒரு பகுதியை இரண்டு முறை வாசித்த மாணவர்களையும், ஒருமுறை வாசித்து ஒருமுறை நினைவிலிருந்து எழுதிய மாணவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களே முன்னால்: 81க்கு 75 சதவீதம். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் கதை தலைகீழ்: வாசித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. இரவு படித்துக் காலையில் எழுதும் தேர்வுக்கு எப்படியோ, மாதக்கணக்கில் காத்திருக்கும் குரூப் 4க்கு எது வேண்டும் என்பது இதிலேயே இருக்கிறது.

இந்த முறைக்கும் ஓர் ஓட்டை உண்டு. முடிவுக்கோடு வேலையில் இருப்பதால், கடினமான பக்கம் வந்தால் ஒரு மணி நேரம் இழுத்துவிடும். அதனால் உச்ச வரம்பு மட்டும் கடிகாரத்திடம் இருக்கட்டும்: 35 நிமிடத்தில் முடியாத பாடத்தை அப்படியே விட்டு, எந்த வரியில் நின்றீர்கள் என்று குறித்துவிட்டு எழுந்துவிட வேண்டும்.

அட்டை

ஜெர்மனியில் அறிவியல் எழுத்தாளராக இருந்த செபாஸ்டியன் லைட்னர் 1970களில் பரப்பிய பெட்டி முறை. செருப்புப் பெட்டி ஒன்றை ஐந்து அறையாகத் தடுத்தால் போதும். அட்டைக்கு, பழைய கல்யாணப் பத்திரிகையின் வெற்றுப் பக்கம் அருமையாக உழைக்கும். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். முதல் அறையைத் தினமும், இரண்டாவதை 2 நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை 4, நான்காவதை 8, ஐந்தாவதை 16 நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்கு ஏறும். தவறினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கு இறங்கும்.

கவனம் நிற்காதவருக்கு இதைவிட இதமான முறை கிடையாது. பத்து விநாடிக்கு ஒரு கேள்வி வருகிறது, நழுவ இடமே இல்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போதும் பத்து அட்டை முடியும். ஆனால் கெட்டுப்போக நிறைய வழி உண்டு.

அட்டையில் அதிகம் எழுதுவது முதல் தவறு. "பதினெண்கீழ்க்கணக்கு நூல்களும் ஆசிரியர்களும்" என்று ஒரே அட்டையில் பதினெட்டையும் எழுதினால், பதினாறு சொல்லி இரண்டை விட்டபோது அது சரியா தவறா? அட்டைக்கு ஒரே ஒரு விடை. அதிலும் குழம்பும் இடமாகப் பார்த்துப் போட வேண்டும். திரிகடுகம், சிறுபஞ்சமூலம், ஏலாதி மூன்றும் மருந்தின் பெயர் கொண்ட நூல்கள். தேர்வில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் கேட்பார்கள். "சுக்கு, மிளகு, திப்பிலி: எந்த நூல்?" ஓர் அட்டை. "காரியாசான் எழுதியது?" ஓர் அட்டை. "ஏலாதியில் மருந்துப் பொருள் எத்தனை?" ஓர் அட்டை. மூன்று, ஐந்து, ஆறு என்ற எண்ணிக்கை பிடிபட்டுவிட்டால் நல்லாதனார், காரியாசான், கணிமேதாவியார் வரிசையாக வந்து ஒட்டிக்கொள்வார்கள். அரசியலமைப்பிலும் அப்படியே: பிரிவு 32க்கு ஓர் அட்டை, 226க்கு ஓர் அட்டை. இரண்டும் நீதிப்பேராணைதான், முன்னது உச்ச நீதிமன்றம், பின்னது உயர் நீதிமன்றம்.

அடுத்தது, அட்டை செய்வதே படிப்பாகிவிடுவது. நாலு வண்ண மையில் எழுதி, ஓரம் வெட்டி, நாள் முழுக்க ஓடியிருக்கும். ஒரு கேள்வியும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டீர்கள். ஒரே விதி வைத்துக்கொண்டால் தப்பலாம்: தவறிய கேள்விக்கு மட்டும்தான் அட்டை.

மூன்றாவது, எண்ணிக்கை. நாளுக்கு 10 புது அட்டை சேர்த்தால், ஒரு மாதத்தில் ஐந்து அறையிலும் தலா பத்து என்று நாளுக்கு 50 அட்டை வந்து நிற்கும். தவறுகளையும் சேர்த்து 12 முதல் 15 நிமிடம். 30 புது அட்டை போட்டால் 150. அது ஒரு வாரம்கூடத் தாங்காது. ஆன்கி செயலியில் இந்த அறைக் கணக்கைச் செயலியே பார்த்துக்கொள்ளும், ஆண்ட்ராய்டில் இலவசம். ஆனால் அதன் இயல்பு அமைப்பு நாளுக்கு 20 புது அட்டை. முதல் வேலையாக 8 அல்லது 10 ஆக்கிவிடுங்கள். இல்லாவிட்டால், ஊர்த் திருவிழாவுக்கு நாலு நாள் போய் வந்தால் முந்நூறு அட்டை வாசலில் நிற்கும், அதோடு செயலியையே நீக்கிவிடுவீர்கள். காகிதமா செயலியா என்றால், போனைத் திறந்ததும் கை தானாக வேறெங்கோ போகிறவர்களுக்குக் காகிதமே. மற்றவர்கள் ஏரோபிளேன் மோடில் ஆன்கி வைத்துக்கொள்ளலாம்.

அட்டைக்கு எட்டாத இடமும் உண்டு. 1806 ஜூலை 10, வேலூர்ப் புரட்சி என்பதை அட்டை தரும். கூற்று, காரணம் வகைக் கேள்வி வந்தால், புதிய தலைப்பாகைக்கும் சமய அடையாளத் தடைக்கும் சிப்பாய்களின் கோபத்துக்கும் இடையிலான தொடர்ச்சி தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் பாடத்துக்குள் போய்த்தான் ஆக வேண்டும். அட்டையை மட்டும் நம்பியவர்கள் சறுக்குவது இத்தகைய கேள்விகளில்தான்.

திறனறிவுக் கணக்கு 25: ஒரே தலைப்பா, கலவையா?

தனிவட்டி முழுதும் முடித்துவிட்டு மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு), பிறகு காலமும் வேலையும் என்று போவது ஒரு வழி. எல்லாத் தலைப்பையும் கலந்து போடுவது இன்னொரு வழி. ரோரர், டெய்லர் என்ற ஆய்வாளர்கள் 2007இல் கனஅளவுக் கணக்குகளை வைத்துச் சோதித்தார்கள். பயிற்சியின்போது ஒரே தலைப்பாகப் போட்டவர்கள் 89 சதவீதம் சரி, கலந்து போட்டவர்கள் 60தான். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முன்னவர்கள் 20, பின்னவர்கள் 63. ஒரே வகையாகப் போடும்போது எந்தச் சூத்திரம் என்ற யோசனைக்கே வேலையில்லை. தேர்விலோ அதுதான் பாதி வேலை. கவனம் தாவுகிறவர்களுக்குக் கலவை இன்னும் பொருத்தம், ஒவ்வொரு கணக்கும் புதிதாக இருக்கும். ஆனால் முதல் பத்துக் கணக்கு மட்டும் ஒரே தலைப்பில் இருக்கட்டும். சூத்திரம் படியாமல் கலந்தால் எல்லாம் கூழாகிவிடும். பிறகு நாளுக்கு 8 கணக்கு, நான்கு தலைப்பிலிருந்து.

இடம், போன், வீடியோ

போன் பக்கத்து அறையில் இருப்பது நல்லது. கவிழ்த்து வைப்பதும் சைலண்டில் போடுவதும் அரை வைத்தியம். வீட்டில் அது நடக்காதென்றால் நூலகம்: சென்னை கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பிரிவே உண்டு, மதுரையில் 2023 முதல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. சுற்றிலும் குனிந்த தலைகள் இருந்தால் எழுந்துபோக ஒரு கூச்சம் வரும், அது உதவும். சேர்ந்து படிப்பதென்றால் இருவர் போதும். நால்வரானால் டீக்கடைதான் கூடும். வகுப்பு வீடியோவுக்கும் வாசிப்புக்கு வந்த அதே நோய்: பதில் கேட்காது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி மூன்று வரி எழுதினால்தான் கணக்கில் வரும். டெலிகிராமில் பிடிஎஃப் சேர்ப்பது எந்த முறையிலும் சேராது.

எதை யார் எடுப்பது?

வேலைக்குப் போய்க்கொண்டு நாளுக்கு ஒன்றரை மணி நேரம் மட்டும் கிடைப்பவருக்கு: காலையில் அட்டை 15 நிமிடம், மாலையில் கேள்விச் சுற்று இரண்டு, இரவு கணக்கு 20 நிமிடம். அலாரத்துக்கு அங்கே இடமில்லை, தேவையும் இல்லை. முழுநேரமாகப் படிப்பவருக்குக் கேள்விச் சுற்று நாளுக்கு ஆறு. காலையின் முதல் சுற்றுக்கு மட்டும், உட்கார வைக்க, அலாரம். எந்தப் பாடத்தில் தொடங்குவது என்றால் தமிழில். அந்தப் பகுதியில் 40 சதவீதம், அதாவது 150க்கு 60, வராவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். படிப்பில் மட்டுமின்றிச் சின்ன வயதிலிருந்தே எல்லா வேலையிலும் கவனம் சிதறுகிறது என்றால், அலாரத்தை மாற்றிப் பார்ப்பதைவிட மனநல மருத்துவர் ஒருவரைப் பார்ப்பது மேல்.

நறுக்கிப் படித்தவர்கள் கடைசியில் மாட்டிக்கொள்ளும் இடம், தேர்வு அறை. அங்கே மூன்று மணி நேரம் ஒரே மூச்சு. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும், ஆறு வாரம் முன்பிருந்து. முதல் இரண்டு வாரம் 50 கேள்வி, 45 நிமிடம். அடுத்த இரண்டு வாரம் 100 கேள்வி, 90 நிமிடம். கடைசி இரண்டு வாரம் முழுத் தாள், தேர்வு நடக்கும் அதே காலை நேரத்தில், விடைக்கு வட்டம் நிரப்பும் ஓஎம்ஆர் தாளின் நகலோடு. 25 கேள்விக்கு ஒருமுறை பேனாவைக் கீழே வைத்துப் பத்து விநாடி ஜன்னலைப் பார்க்கலாம். 200க்கு மொத்தச் செலவு ஒன்றரை நிமிடத்துக்குள்தான். வட்டத்தைக் கேள்விக்குக் கேள்வி உடனே நிரப்புங்கள். கடைசியில் மொத்தமாக நிரப்பலாம் என்று வைத்தால், நடுவில் விட்ட ஒரு கேள்வியால் மீதி எல்லாம் ஒரு வரி தள்ளிப்போகும். கறுப்புப் பந்துமுனைப் பேனா என்பதால் அழிக்கவும் முடியாது. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. எனவே ஒரு நிமிடம் தாண்டியும் பிடிபடாத கேள்விக்கு, இரண்டு விடையைத் தள்ளிவிட்டு மீதியில் ஒன்றை நிரப்பி, அடுத்ததற்குப் போய்விடலாம்.