முதல் கைத்துப்பாக்கி வாங்கப் போகிறீர்களா? இந்த பில்லைப் பார்த்துவிட்டுப் போங்கள்

அமெரிக்காவில், நியூ ஜெர்சியில் ஒரு கடை போட்ட பில் இது. வாங்கியவர் ஐம்பதைத் தாண்டிய தமிழ்ப் பெண்மணி. கிரீன் கார்டு வைத்திருப்பவர், இரவில் கடையைப் பூட்டிவிட்டுத் தனியாகக் கார்வரை நடக்கிறவர். தேவையான அனுமதிகளை எல்லாம் முறையாக வாங்கிக்கொண்டுதான் போயிருக்கிறார். அவர் கேட்டது, உடைக்குள் மறைத்து வைத்துக்கொள்ளத் தோதாக ஒரு சின்னத் துப்பாக்கி.

பில்லில் இருந்தவை நான்கு. 12 அவுன்ஸுக்கும் குறைவான எடையில், .357 மேக்னம் என்ற வலுவான தோட்டாவைச் சுடும் ஒரு ரிவால்வர். எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் நைலான் ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை). ஒரு பெட்டி ஹாலோ பாயின்ட் தோட்டா (முனையில் குழியுள்ளது, பட்டதும் விரிவது). மாதச் சந்தாவில் ஒரு ‘சட்டப் பாதுகாப்பு’ உறுப்பினர் திட்டம். மொத்தம் ஆயிரம் டாலருக்கு மேல். இவற்றில் ஒன்றுகூட அவருக்கு ஏற்றதில்லை. பொருள் எதுவும் போலியில்லை, கடைக்காரர் சட்டத்தையும் மீறவில்லை. அதனால் புகார் செய்யவும் வழியில்லை. இதே பில் வேறு வேறு ஊர்களில் வேறு வேறு ஆட்களுக்குப் போடப்படுகிறது. எனவே ஒவ்வொரு வரியாகப் பார்க்கலாம்.

முதலில் துப்பாக்கி. “பெண்களுக்கு ரிவால்வர்தான் சுலபம், அதிலும் எடை குறைவானது கைக்கு இதம்” என்பது கடை மேசைகளில் ஓயாமல் கேட்கிற பேச்சு. உண்மை இதற்கு நேர் எதிர். ஒரே தோட்டாவைச் சுடும்போது துப்பாக்கியின் எடை பாதியானால் கையில் வாங்கும் உதைப்பின் ஆற்றல் இரண்டு மடங்காகும். 12 அவுன்ஸ் என்றால் சுமார் 340 கிராம். அந்த எடையில் மேக்னம் தோட்டாவைச் சுட்டால், பழகிய கைகளே ஒரு சிலிண்டரோடு போதும் என்று கீழே வைத்துவிடும். புதியவர் ஐந்தாவது ரவுண்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டு டிரிகரை வெடுக்கென்று இழுக்கப் பழகிவிடுவார். அந்தப் பழக்கத்தைப் போக்க மாதக்கணக்கில் உழைக்க வேண்டும்.

அடுத்து டிரிகர். இத்தகைய சின்ன ரிவால்வர்களில் டிரிகரை முழுதாக இழுக்க ஏறத்தாழ 12 பவுண்டு விசை தேவை, அதாவது ஐந்தரைக் கிலோ. துப்பாக்கியின் எடையோ அரைக் கிலோவுக்கும் கீழே. தன் எடையைப் போல் பத்து மடங்குக்கு மேலான விசையை ஒற்றை விரல் செலுத்தும்போது முனை ஆடாமல் இருக்காது. இரண்டு அங்குலத்துக்கும் குறைவான பேரலில், மேல்பகுதியில் வெட்டிய பள்ளமே குறிபார்க்கும் அமைப்பு என்றால், ஏழு கஜ தூரத்தில்கூடத் தோட்டா எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

மேசையில் யாருமே சொல்லாத ஒரு கோளாறும் உண்டு. மிக இலேசான ரிவால்வரில் ஒரு ரவுண்டு வெடிக்கும்போது சிலிண்டரில் மீதமுள்ள தோட்டாக்களும் பின்னால் வெடுக்கென்று இழுபடுகின்றன. பித்தளைக் கேஸ் பின்னே போக, முனையில் உள்ள குண்டு நின்ற இடத்திலேயே நிற்க முயன்று கேஸிலிருந்து மெல்ல வெளியே நகர்கிறது. சிலிண்டரின் முகப்பைத் தாண்டி அது நீட்டிக்கொண்டால் சிலிண்டர் சுழலாது. உயிர் போகும் நேரத்தில் அது வெறும் இரும்புத் துண்டு. ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சிக் களத்தில், இதைச் சோதிப்பது எளிது: ஐந்து போடுங்கள், நான்கைச் சுடுங்கள், ஐந்தாவதை எடுத்துப் பெட்டியில் உள்ள புதிய தோட்டாவின் பக்கத்தில் நிறுத்தி நீளத்தை ஒப்பிடுங்கள். சற்றே நீண்டிருந்தாலும் அந்தத் தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு ஆகாது. இது போக, இதே எடை வகையைச் சேர்ந்த ஸ்மித் அண்ட் வெஸன் 340 பி.டி. ரிவால்வரில் 120 கிரெய்னுக்கு (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) குறைந்த மேக்னம் குண்டு கூடாது என்று பேரலிலேயே பொறித்திருக்கிறார்கள்.

ரிவால்வரே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே நிறுவனத்தின் 642, ஐந்து ரவுண்டு, .38 ஸ்பெஷல், சுமார் 410 கிராம். அதில் 148 கிரெய்ன் வாட்கட்டர் (தட்டை முனைக் குண்டு) தோட்டாவைப் போட்டால் உதைப்பு தாங்கும்படி இருக்கும், ஊடுருவலும் போதும். ஆனால் புதியவருக்கு முதலில் கையில் கொடுக்க வேண்டியது 500 கிராமுக்குக் குறையாத, மேகஸினில் தோட்டா நிரப்பும் பிஸ்டலைத்தான். சிக் பி365 காலியாகச் சுமார் 505 கிராம், 10+1 ரவுண்டு (மேகஸினில் பத்து, பேரலின் அறையில் ஒன்று). குளாக் 43எக்ஸ் அதை ஒட்டியே வரும். மணிக்கட்டில் பலமில்லை, ஸ்லைடை (பிஸ்டலின் நகரும் மேல்பகுதியை) பின்னால் இழுக்க முடியவில்லை என்பவர்களுக்கு 2018-இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்டு ஈ.இசட். .380 உண்டு. அதன் ஸ்லைடு மூட்டுவலிக்காரர்களும் இழுக்கும்படி மென்மையானது. இந்தப் பெண்மணிக்குக் காட்டியிருக்க வேண்டியது அதைத்தான்.

சின்ன பிஸ்டல்களையும் சும்மா விட முடியாது. ரூகர் எல்.சி.பி. 272 கிராம்தான், சட்டைப் பையில் போகும். ஆனால் அத்தனை சிறிய பிஸ்டலில் ஸ்லைடு நகரும் தூரம் குறைவு, ஸ்பிரிங் கடினம். பிடி தளர்ந்தால் துப்பாக்கி மொத்தமாகப் பின்னே நகர்ந்துவிடும், ஸ்லைடு முழு ஓட்டம் ஓடாது, காலிக் கேஸ் வாயிலேயே சிக்கிக்கொள்ளும். கடை மேசையில் பிடித்துப் பார்க்கும்போது இது எதுவும் தெரியாது. வாடகைத் துப்பாக்கி தரும் ரேஞ்சுக்குப் போய், மனதில் உள்ள இரண்டு மூன்று மாடல்களில் ஒவ்வொன்றிலும் ஐம்பது ரவுண்டு சுட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அந்தச் செலவு, தவறான துப்பாக்கியைப் பாதி விலைக்கு விற்பதில் வரும் நட்டத்தைவிடக் குறைவு. வாங்கிய பின் 200 பயிற்சி ரவுண்டும், நீங்கள் அன்றாடம் வைத்திருக்கப் போகும் அதே தோட்டாவில் 50 ரவுண்டும் ஒரு தடங்கல்கூட இல்லாமல் ஓடிய பிறகே இடுப்பில் வையுங்கள்.

இரண்டாவது வரி ஹோல்ஸ்டர். முப்பது டாலர்கூட இல்லாத இந்தப் பொருள்தான் பில்லிலேயே ஆபத்தானது. மென்மையான நைலான் டிரிகரை மறைக்கும், ஆனால் காக்காது. மேலே அழுத்தினால் துணி உள்ளே வளைந்து டிரிகரில் படும். துப்பாக்கியை எடுத்ததும் வாய் மூடிக்கொள்ளும். திரும்பச் செருக இன்னொரு கை வேண்டும், பெரும்பாலும் அந்தக் கை முனைக்கு நேராகவே வந்து நிற்கும். நைந்துபோன தோலுறையிலும் இதே கதைதான், மடிந்த விளிம்பு டிரிகர் வளையத்துக்குள் நுழைந்து விரலைப் போல் இழுத்துவிடும். உங்கள் மாடலுக்கென்றே வார்த்த கைடெக்ஸ் (கடினப் பிளாஸ்டிக்) ஹோல்ஸ்டர் 60 முதல் 100 டாலருக்குள் கிடைக்கும். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று இருமுறை பார்த்துவிட்டு மூன்று சோதனை செய்யுங்கள். தலைகீழாகப் பிடித்துக் குலுக்குங்கள், விழக்கூடாது. வெளியிலிருந்து கட்டைவிரலால் டிரிகர் இருக்கும் இடத்தை அழுத்துங்கள், டிரிகர் அசையக்கூடாது. ஒற்றைக் கையால் பார்க்காமல் எடுத்து, பார்த்துக்கொண்டே மெதுவாகச் செருகுங்கள், வாய் திறந்தே இருக்க வேண்டும். கனமான துப்பாக்கி பெல்ட்டும் வேண்டும். சாதாரண பெல்ட்டில் துப்பாக்கி சாய்ந்து தொங்கி, சட்டைக்கு வெளியே துருத்தும்.

“கைப்பையிலேயே போட்டுக்கொள்ளுங்கள்” என்று யோசனை சொல்கிற கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தின் ஹேடன் நகரில், கடையில் தாயின் கைப்பையிலிருந்த துப்பாக்கியை இரண்டு வயதுக் குழந்தை எடுத்ததில் தாய் அங்கேயே இறந்தார். அது துப்பாக்கிக்கென்றே தனி அறை வைத்துத் தைத்த கைப்பை. துப்பாக்கி உடம்போடு இருக்க வேண்டும். இல்லையென்றால் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும்.

மூன்றாவது வரி, தோட்டா. நியூ ஜெர்சியில் ஹாலோ பாயின்ட் தோட்டாவை வாங்கலாம், வீட்டில் வைக்கலாம், ரேஞ்சுக்குக் கொண்டுபோகலாம். துப்பாக்கி அனுமதி இருந்தாலும் தெருவில் கொண்டு நடப்பது அந்த மாநிலச் சட்டப்படி குற்றம். கடைக்காரர் பெட்டியை விற்றார், இதைச் சொல்லவில்லை. முனைக் குழியைப் பாலிமரால் அடைத்த வகைகளை மாநிலக் காவல்துறை ஹாலோ பாயின்ட்டாகக் கருதுவதில்லை. ஆனாலும் வாங்கும் நாளில் மாநிலக் காவல்துறையின் இணையதளத்தை நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சட்டம் அனுமதிக்கிற மாநிலங்களிலும் குட்டைப் பேரலில் எல்லா ஹாலோ பாயின்ட்டும் வேலை செய்யாது. 1986-இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டைக்குப் பின் எஃப்.பி.ஐ. வகுத்த அளவுகோல், உடல் தசைக்குப் பதிலாகச் சோதனைக்கு வைக்கும் ஜெலட்டின் கட்டியில் 12 முதல் 18 அங்குலம் ஊடுருவ வேண்டும் என்பது. இரண்டு அங்குலப் பேரலிலிருந்து வேகம் குறைந்து வரும் குண்டின் குழியில் துணி அடைத்துக்கொண்டால் அது விரியாது. .380-இல் சிக்கல் தலைகீழ், விரிந்தால் ஆழம் போதாமல் போகும். ஆகவே குட்டைப் பேரலுக்கென்று வடிவமைத்த தோட்டாவைக் கேளுங்கள். .38 ஸ்பெஷலுக்கு ஸ்பியர் கோல்டு டாட்டில் 135 கிரெய்ன் வகை இருக்கிறது.

தற்காப்பில் சுட்டால் வழக்குச் செலவை ஏற்பதாகச் சொல்லும் உறுப்பினர் திட்டத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. வழக்கறிஞரைத் தேர்ந்தெடுப்பது யார், பணம் முன்கூட்டியே வருமா விடுதலையான பிறகா, தண்டனை கிடைத்தால் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பார்களா என்ற மூன்றுக்கும் ஒப்பந்தத்தில் எழுத்தில் பதில் இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். சில மாநிலங்களில் இத்தகைய திட்டங்களை விற்பதே பிரச்சினைக்குள்ளானது. நியூ யார்க் நிதிச் சேவைத் துறை 2018-இல் ‘கேரி கார்ட்’ என்ற இத்தகைய திட்டத்துக்காக லாக்டன் என்ற காப்பீட்டுத் தரகு நிறுவனத்திடமிருந்து 70 லட்சம் டாலர் அபராதம் வாங்கியது.

இந்த பில்லில் வராத ஒன்று நம்மவர்கள் பலரை இதைவிடப் பெரிய பள்ளத்தில் தள்ளக்கூடியது. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற விசாக்களில் நுழைந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். 2022-இல் திருத்திய சட்டத்தின்படி 15 ஆண்டுவரை சிறை, அதோடு நாடு கடத்தலும் வரலாம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு என்பது உண்மை. அதைப் பிடித்துக்கொண்டு, “ஆன்லைனில் சில டாலருக்கு வேட்டை லைசென்ஸ் எடுத்து வாருங்கள், எல்லாம் சரியாகிவிடும்” என்று சொல்லும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். உரிமம் காலாவதியாகும் நள்ளிரவில் அந்த விலக்கும் போய்விடும், வீட்டில் இருக்கும் துப்பாக்கி குற்றப் பொருளாகிவிடும். மாநிலச் சட்டம் தனியாக வேறு நிற்கிறது. மனைவி குடியுரிமை பெற்றவர், கணவர் எச்-1பி என்றால், பெட்டியின் சாவியோ ரகசிய எண்ணோ கணவரிடம் இருப்பதே அவர் வைத்திருப்பதாகக் கொள்ளப்படலாம். குடிவரவு வழக்கறிஞரைக் கேட்காமல் ஒரு அடியும் எடுத்து வைக்காதீர்கள். இன்னொருவருக்காகத் தன் பெயரில் வாங்கித் தருவதும் தனிக் குற்றம். துப்பாக்கி வாங்கும்போது கடையில் நிரப்பும் படிவம் 4473-இல் “உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா” என்று கேட்பது அதற்காகத்தான்.

ஆன்லைனில் “வீட்டுக்கே அனுப்புவோம், உரிமம் பெற்ற கடை தேவையில்லை” என்று எந்தத் தளம் சொன்னாலும் அது மோசடி. முறையான விற்பனையில் துப்பாக்கி உங்கள் மாநிலத்தில் எஃப்.எஃப்.எல். (கூட்டாட்சித் துப்பாக்கி விற்பனை) உரிமம் உள்ள கடைக்கே வரும். நீங்கள் அங்கே போய்ப் படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்த பின்தான் கையில் வாங்க முடியும். செல் (Zelle) செயலி, கிரிப்டோ, கிஃப்ட் கார்டு என்று மட்டும் பணம் கேட்பதும், பணம் போன பிறகு “ஷிப்பிங் இன்ஷூரன்ஸ்” என்று மேலும் கேட்பதும் இந்தத் தளங்களின் வழக்கம். விற்பவரின் உரிம எண்ணைக் கேளுங்கள். அதன் முதல் மூன்று, கடைசி ஐந்து இலக்கங்களை துப்பாக்கி உரிமம் வழங்கும் கூட்டாட்சி அமைப்பான ஏ.டி.எஃப். தளத்தின் ‘ஈ.இசட். செக்’ (eZ Check) பக்கத்தில் இட்டால், உரிமம் உள்ள கடையின் பெயரும் முகவரியும் வரும். தளத்தில் உள்ள முகவரியோடு அது பொருந்த வேண்டும். பொருந்தினாலும் அந்தக் கடையின் தொலைபேசி எண்ணை வேறு வழியில் தேடிப் பிடித்துப் பேசுங்கள், ஏனென்றால் உண்மையான கடையின் பெயரைத் திருடிப் போலித் தளம் நடத்துவதும் உண்டு.

“ஐம்பது மாநிலத்துக்கும் செல்லும் அனுமதி, ஆன்லைன் வகுப்பு போதும்” என்ற விளம்பரத்தையும் நம்பாதீர்கள். அப்படி ஒரு அனுமதியே கிடையாது. முன்பு வெளிமாநிலத்தவர்கள் ஆன்லைன் வகுப்பு மூலம் எடுத்துக்கொண்டிருந்த வர்ஜீனியா அனுமதிக்கு 2021 ஜனவரி முதல் நேரடிப் பயிற்சி கட்டாயம். இல்லினாயும் கலிஃபோர்னியாவும் 16 மணி நேரப் பயிற்சி கேட்கின்றன.

பழைய துப்பாக்கி வாங்கினால் தொடர் எண்ணைத் தயாரிப்பாளரின் திரும்பப்பெறல் பக்கத்தில் தேடாமல் பணம் கொடுக்காதீர்கள். 370 என்று தொடங்கும் எண் கொண்ட ரூகர் எல்.சி.பி. கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று 2008-இல் திரும்பப் பெற்றார்கள். ஸ்பிரிங்ஃபீல்டு எக்ஸ்.டி.-எஸ். 2013-இல் திரும்பப் பெறப்பட்டது. 9 எம்.எம். ஷீல்டு ஈ.இசட்.டில் 2020 மார்ச் முதல் அக்டோபர்வரை தயாரானவற்றை ஹேமர் குறைக்காகத் திரும்ப அழைத்தார்கள். சரிசெய்யாத துப்பாக்கிகள் இன்னும் கை மாறிக்கொண்டிருக்கின்றன. தயாரிப்பாளர் இலவசமாகவே சரிசெய்து தருவார்.

வாங்கிய துப்பாக்கி பிடிக்கவில்லை என்றால் கடை திருப்பி எடுக்காது. பின்னணிச் சோதனை முடிந்து உங்கள் கைக்கு மாறிய நொடியே அது பழைய துப்பாக்கி. எனவே கையெழுத்துக்கு முன்பே மேசையில் பரிசோதியுங்கள்: தொடர் எண் படிவத்தோடும் பெட்டியோடும் பொருந்துகிறதா, பேரலுக்குள் துரு இருக்கிறதா, ரிவால்வரில் டிரிகரை முழுதாக இழுத்துப் பிடித்த நிலையில் சிலிண்டர் ஆடுகிறதா. உற்பத்திக் குறை என்றால் கடையோடு வாதாடாமல் நேரே தயாரிப்பாளருக்கு எழுதுங்கள், பெரும்பாலான நிறுவனங்கள் அனுப்பும் செலவையும் தாங்களே ஏற்கின்றன. போலித் தளத்தில் கிரெடிட் கார்டு வழியாகப் பணம் போயிருந்தால் அந்தக் கார்டு வங்கிக்கு, அந்தக் கட்டணம் வந்த ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்டு 60 நாளுக்குள் எழுத்தில் மறுப்புத் தெரிவிக்க வேண்டும். எஃப்.பி.ஐ.யின் இணையக் குற்றப் புகார்த் தளமான ஐ.சி.3-இலும், உங்கள் மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவிலும் அன்றே புகாரைப் பதியுங்கள். மின்னஞ்சல், பணம் போன ரசீது, தளத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் இணையுங்கள், ஏனென்றால் அந்தத் தளம் ஒரு வாரத்தில் காணாமல் போய்விடும்.