தொடையில் கட்டி என்றால் உடனே வெட்ட விடாதீர்கள்

அப்பாவுக்கு 58 வயது. வண்டியிலிருந்து விழுந்து வலது தொடையில் அடி. கொஞ்ச நாளில் அங்கே எலுமிச்சை அளவில் ஒரு கட்டி. இரண்டே மாதத்தில் மாங்காய் அளவானது. வலியே இல்லை. எங்கள் ஊர் நர்சிங் ஹோமில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கட்டியின் நடுவில் பஞ்சுபோல் தெரிந்த வெள்ளையைக் காட்டினார். "அடிபட்ட ரத்தம் உறைஞ்சு எலும்பாயிருக்கும்மா, எடுத்துட்டா சரியாயிடும்." எம்ஆர்ஐ வேண்டாமா என்றேன். வீண் செலவு என்றார். நம்பினோம்.

மறுநாளே ஆபரேஷன். தொடையின் குறுக்கே வெட்டு. எடுத்த கட்டியை ட்ரேயில் கொண்டுவந்து காட்டிய சிஸ்டர் இடுக்கியால் தட்டினார், கல்லில் பட்ட மாதிரி சத்தம். லேபுக்கு அனுப்பவில்லையா என்று கேட்டேன். தேவையில்லையாம். அது குப்பைக்குப் போனது. பில் 42,000 ரூபாய்.

மூன்று மாதத்தில் தழும்புக்கு அடியிலேயே மறுபடி வந்தது. சென்னையில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் ஊசி பயாப்சி (ஊசியால் கட்டியில் துணுக்கு எடுத்து லேபில் பார்ப்பது) செய்து பெயர் சொன்னார்கள்: எக்ஸ்ட்ராஸ்கெலிட்டல் ஆஸ்டியோசார்கோமா. எலும்போடு ஒட்டாமல் சதைக்குள்ளேயே வந்து, அங்கேயே எலும்பை உண்டாக்கும் புற்று. சதை, கொழுப்பு போன்ற மென்திசுக்களில் வரும் புற்றுகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். பெரும்பாலும் 40 வயதுக்கு மேல், அதிகமும் தொடையில்.

அரிய நோய், தெரியாமல் போகலாம். தெரிந்துகொள்ள முயலவே இல்லை என்பதுதான் ஆறவில்லை. அடிபட்ட சதையில் எலும்பு உருவாவதும் உண்டு, மயோசைட்டிஸ் ஆசிஃபிகன்ஸ் என்பார்கள். ஆனால் அதில் ஓரம்தான் முதலில் முற்றும், முட்டை ஓடு மாதிரி. இந்தப் புற்றில் பெரும்பாலும் தலைகீழ்: எலும்பு நடுவில். அப்பாவின் படத்திலும் நடுவில்தான் இருந்தது.

குறுக்கு வெட்டால் வந்த வினை இன்னொன்று. மறுபடி ஆபரேஷன் செய்தபோது பழைய தழும்பு முழுவதையும் சுற்றுச்சதையோடு சேர்த்து எடுத்து, தோல் ஒட்ட வேண்டியதாயிற்று. நீளவாக்கில் வெட்டியிருந்தால் இவ்வளவு போயிருக்காது. நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்த்த சிடி ஸ்கேனில் இதுவரை ஒன்றுமில்லை.

ஐந்து சென்டிமீட்டருக்கு மேல், ஆழத்தில், வளரும் கட்டி என்றால் வலி இல்லாவிட்டாலும் முதலில் எம்ஆர்ஐ, அப்புறம் ஊசி பயாப்சி. ஊசி போடும் இடத்தைக்கூடப் பின்னால் ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். எந்தக் கட்டியை எடுத்தாலும் கெடாமல் காக்கும் ஃபார்மலினில் போட்டு லேபுக்கு அனுப்பினார்களா என்று நின்று கேளுங்கள். ஸ்லைடையும், கட்டியின் துண்டை மெழுகில் பதித்து வைக்கும் பாரஃபின் பிளாக்கையும் வாங்கி வையுங்கள்.

சென்னையில் முதல் கேள்வியே "பழைய பிளாக் எங்கேம்மா?" என்பதுதான். என் கையில் இருந்தது ஒரு டிஸ்சார்ஜ் சீட்டு. அதில் ரத்தக்கட்டு அகற்றப்பட்டது என்று ஒரே வரி.