டைம்ஷிஃப்ட்: டெஸ்க்டாப்பைப் பழையபடி ஆக்கிவிடும், ஏன் உடைந்தது என்று மட்டும் சொல்லாது

வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு யாரும் கம்ப்யூட்டரை அப்கிரேடு செய்யக் கூடாது. இது எனக்கு நன்றாகத் தெரியும், ஆனாலும் செய்தேன். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற ஆபரேட்டிங் சிஸ்டம், அதில் பேனல், மெனு எல்லாம் காட்டும் சின்னமன் டெஸ்க்டாப், எட்டு ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப். அரை மணி நேரம் ஓடி முடிந்து, ரீஸ்டார்ட் ஆகி, பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போனால் கீழே பேனல் இல்லை, மெனு இல்லை, நடுவில் ஒரு சின்னப் பெட்டி மட்டும்: சின்னமன் கிராஷ் ஆகிவிட்டது, ஃபால்பேக் மோடில், அதாவது அவசரத்துக்கான குறைந்தபட்ச நிலையில், இருக்கிறீர்கள், மறுபடி தொடங்கவா? ஆம் என்று அழுத்தினால் திரை ஒரு தடவை மின்னிவிட்டு அதே பெட்டி திரும்ப வருகிறது. எட்டு தடவையாவது அழுத்தியிருப்பேன். ஒன்பதாவது தடவை மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது என்று அப்போதுதான் உறைத்தது.

இந்த ரிவ்யூ அன்றைக்கு என்னைக் காப்பாற்றிய டைம்ஷிஃப்ட் பற்றியது. பாதி காப்பாற்றியது என்றுதான் சொல்ல வேண்டும், அந்த மீதிப் பாதிக்கு நான்தான் காரணம்.

தெரியாதவர்களுக்கு: டைம்ஷிஃப்ட் ஒரு இலவச மென்பொருள். டோனி ஜார்ஜ் எழுதியது, 2022-லிருந்து லினக்ஸ் மின்ட் குழு பராமரிக்கிறது. மின்டில் அது ஏற்கெனவே இருக்கும், உபுண்டு, டெபியன் மாதிரி வேறு லினக்ஸ் வைத்திருப்பவர்கள் வழக்கமாக மென்பொருள் இறக்கும் இடத்திலிருந்தே போட்டுக்கொள்ளலாம். அது செய்வது ஒரே வேலைதான், சிஸ்டம் இன்றைக்கு எப்படி இருக்கிறதோ அப்படியே ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைக்கும், கெட்டுப்போனால் அந்த நிலைக்குத் திருப்பும். விண்டோஸில் சிஸ்டம் ரீஸ்டோர் பார்த்திருப்பீர்களே, கிட்டத்தட்ட அது.

முதல் ஸ்னாப்ஷாட் எனக்கு 14 ஜிபி வந்தது. அடுத்த நாள் எடுத்தது சில நூறு எம்பிதான். மாறாத ஃபைல்களை அது மறுபடி காப்பி செய்யாது, ஹார்ட் லிங்க் போட்டுப் பழையதையே காட்டிவிடும். அதனால்தான் ஸ்னாப்ஷாட் வைக்கும் இடம் எக்ஸ்ட்4 மாதிரி லினக்ஸ் ஃபைல் சிஸ்டமாக இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறது, விண்டோஸுக்காக ஃபார்மட் செய்த ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளாது. இதில் ஒரு சூட்சுமம், பெரிய அப்கிரேடு செய்தால் சிஸ்டம் ஃபைல்கள் ஏறக்குறைய எல்லாமே மாறிவிடும். அதற்கப்புறம் எடுக்கும் ஸ்னாப்ஷாட்டில் ஹார்ட் லிங்க் போட அதிகம் மிஞ்சாது, அதுவும் முதல் ஸ்னாப்ஷாட் மாதிரியே ஏறக்குறைய முழு எடைக்கு வரும். சிஸ்டம் இருக்கும் ரூட் பார்ட்டிஷனை (டிஸ்க்கில் அதற்கென்று பிரித்த பகுதியை) 40 ஜிபி என்று சிக்கனமாக வைத்து, ஸ்னாப்ஷாட்டையும் அதிலேயே போட்டால் டிஸ்க் நிறைந்துவிடும். டிஸ்க் நிறைந்தால் என்ன ஆகும் தெரியுமா? பாஸ்வேர்டு சரியாகக் கொடுத்தாலும் உள்ளே போகாமல் லாகின் திரைக்கே திரும்பத் திரும்பத் தள்ளும். டெஸ்க்டாப்பைப் பாதுகாக்கப் போட்ட மருந்தே டெஸ்க்டாப்பைக் கவிழ்த்துவிடும். வேறு பார்ட்டிஷன் கொடுங்கள், முடிந்தால் வேறு டிஸ்க்கே கொடுங்கள்.

சரி, அந்த ராத்திரிக்கு வருவோம். டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்தால் கட்டளைகளை டைப் செய்யும் டெர்மினல் மட்டும் திறந்தது. அதிலிருந்து ஃபயர்ஃபாக்ஸைத் திறந்து கொஞ்ச நேரம் தேடினேன், கண்ட கண்ட யோசனைகள் வந்தன, பொறுமை போனது. டைம்ஷிஃப்டைத் திறந்தேன். அப்கிரேடுக்கு முன்னால் எடுத்த ஸ்னாப்ஷாட் தேதி நேரத்தோடு இருந்தது. ரீஸ்டோர் என்று அழுத்தியதும் உடனே பாய்ந்துவிடவில்லை. எதெல்லாம் மாறும், எதெல்லாம் அழியும் என்று முதலில் ஒத்துப்பார்த்து முழுப் பட்டியல் காட்டி, எச்சரித்து, அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. அந்த நிதானம் எனக்கு ரொம்பப் பிடித்தது. இருபது நிமிடம். ரீஸ்டார்ட் ஆனதும் பழைய பேனல், பழைய மெனு, எதுவுமே நடக்காத மாதிரி.

ஃபயர்ஃபாக்ஸைத் திறக்கும் வரைக்கும். பழைய ஃபயர்ஃபாக்ஸைத் திறந்திருக்கிறீர்கள், உங்கள் புரொஃபைல் புதிய வெர்ஷனில் பயன்படுத்தியது, புதிதாக ஒரு புரொஃபைல் உருவாக்கவா என்று கேட்டது. புக்மார்க் எல்லாம் போச்சா என்று வயிற்றைக் கலக்கியது. போகவில்லை. ஃபயர்ஃபாக்ஸ் நிரல் சிஸ்டத்தில் இருக்கிறது, அதனால் பழைய வெர்ஷனுக்குப் போய்விட்டது. புக்மார்க் எல்லாம் வைத்திருக்கும் புரொஃபைல், என் சொந்த ஃபைல்களும் செட்டிங்குகளும் கிடக்கும் ஹோம் ஃபோல்டரில் இருக்கிறது, அதை டைம்ஷிஃப்ட் தொடவே இல்லை. ஃபயர்ஃபாக்ஸை மட்டும் அப்டேட் செய்ததும் எல்லாம் வந்துவிட்டது, புது புரொஃபைல் உருவாக்கி அவசரப்படாமல் இருந்தது என் அதிர்ஷ்டம்.

டைம்ஷிஃப்ட் போடுகிறவர்கள் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டியது இதுதான்: நீங்கள் சொல்லாதவரை ஹோம் ஃபோல்டரை அது சேர்க்காது, திருப்பவும் செய்யாது. படங்கள், கடிதங்கள், கணக்கு எதுவும் அதில் இல்லை. இதைக் குறை என்று சொல்ல மாட்டேன். போன வாரத்துக்குப் போகிறேன் என்று இந்த வாரம் எழுதிய ஃபைலை அழித்துவிட்டால் யார் பொறுப்பு? ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கும் ஃபைல்களை மட்டும் சேர் என்று ஒரு வசதி இருக்கிறது, டெஸ்க்டாப் செட்டிங் எல்லாம் அதில் வரும் என்று ஆசையாக இருக்கும். ஆனால் தண்டர்பேர்டு மெயிலும் சாதாரணமாக அந்த மறைந்த ஃபோல்டரில்தான் கிடக்கிறது, ரீஸ்டோர் செய்தால் மெயிலும் பின்னால் போகும். நான் சேர்ப்பதில்லை.

ஒரு வாரம் கழித்து மறுபடி அப்கிரேடு செய்தேன். மறுபடி அதே பெட்டி. மறுபடி ரீஸ்டோர் செய்ய கை போனது, அப்போதுதான் யோசித்தேன், இப்படியே எத்தனை வாரம்? உடைவதற்கு முந்தைய நிலைக்குத் திரும்பினால் உடையப் போகிற காரணமும் கூடவேதானே திரும்பி வருகிறது.

இந்தத் தடவை கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி, எழுத்து மட்டும் வரும் கறுப்புத் திரைக்குப் போனேன். முதலில் டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. அடுத்து புதிதாக ஒரு யூசரை உருவாக்கி, லாகின் திரைக்குத் திரும்பி அந்தப் பெயரில் நுழைந்தேன். பேனல், மெனு, எல்லாம் பளிச்சென்று வந்தது! அப்படியென்றால் சிஸ்டத்தில் கோளாறே இல்லை, அப்கிரேடும் நன்றாகத்தான் நடந்திருக்கிறது, கோளாறு என் ஹோம் ஃபோல்டருக்குள். இந்த ஒரு சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது, டெஸ்க்டாப் உடைந்தால் வேறு எதையும் செய்வதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள். புது யூசருக்கும் உடைந்தே வந்தால் சிஸ்டம் பக்கம், கிராஃபிக்ஸ் டிரைவர் பக்கம் போங்கள், அல்லது டைம்ஷிஃப்டைக் கூப்பிடுங்கள். புது யூசருக்கு ஒழுங்காக வந்தால் டைம்ஷிஃப்டால் உருப்படியான பயன் இல்லை, பழைய டெஸ்க்டாப் வேண்டுமானால் கிடைக்கும்.

மறுபடி கறுப்புத் திரை. ஹோம் ஃபோல்டரைப் பட்டியலிட்டால் தமிழில் பெயர் வைத்த ஃபோல்டர்கள் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன, அந்தத் திரைக்குத் தமிழ் எழுத்து வராது. நல்லவேளை, நான் தேடியது தமிழில் இல்லை. சின்னமன் ஆப்லெட்கள் (பேனலில் உட்காரும் குட்டி நிரல்கள்) இருக்கும் ஃபோல்டரை அப்படியே வேறு பெயருக்கு மாற்றிவிட்டு என் பெயரில் நுழைந்தேன். வந்துவிட்டது! நான்கு ஆப்லெட் போட்டிருந்தேன், ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தேன். மூன்றாவதை வைத்ததும் பெட்டி. நெட் வேகத்தைப் பேனலில் காட்டும் ஒரு ஆப்லெட், 2019-ல் எங்கிருந்தோ இறக்கிப் போட்டது, அதற்கப்புறம் ஒரு தடவைகூட அப்டேட் செய்யவில்லை. சின்னமன் உள்ளே எவ்வளவோ மாறிவிட்டது, அது மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தது. குற்றம் என்னுடையதுதான். நெட் வேகம் தெரிந்து நான் என்ன சாதித்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

டைம்ஷிஃப்ட் எப்படி என்று கேட்டால், போடுங்கள், இன்றைக்கே போடுங்கள். தினசரி ஸ்னாப்ஷாட்டில் கடைசி இரண்டு, வாராந்திர ஸ்னாப்ஷாட்டில் ஒன்று வைத்திருந்தால் போதும், அது தானாகக் கொடுக்கும் தினசரி ஐந்து எல்லாம் சின்ன டிஸ்க்குக்கு ஓவர். அப்கிரேடுக்கு முன்னால் கையால் ஒன்று எடுத்து, பக்கத்தில் எதற்காக எடுத்தது என்று ஒரு குறிப்பும் எழுதுங்கள். கையால் எடுத்ததை அது தானாக அழிக்காது, வேலை முடிந்ததும் நீங்கள்தான் அழிக்க வேண்டும், நான் மறந்து ஒரு வருஷம் வைத்திருந்தேன். சிஸ்டம் பூட்டே ஆகவில்லை என்றாலும் பயமில்லை, மின்டின் லைவ் பென் டிரைவிலேயே (டிஸ்க்கைத் தொடாமல் அதிலிருந்தே மின்டை ஓட்டலாம்) டைம்ஷிஃப்ட் இருக்கிறது, அதில் பூட் செய்து ஸ்னாப்ஷாட் இருக்கும் டிஸ்க்கைக் காட்டினால் போதும். அந்தப் பென் டிரைவை முன்கூட்டியே செய்து வையுங்கள், உடைந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அதைச் செய்ய முடியாது.

தங்கை லேப்டாப்பிலும் போட்டுக் கொடுத்தேன். ஹோம் ஃபோல்டர் இதில் சேராது என்று மூன்று தடவை சொன்னேன். "அப்போ என் போட்டோ எல்லாம்?" என்றாள். அதற்குத் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கச் சொன்னேன், இன்னும் வாங்கவில்லை.