செட்டிங்ஸா, கன்ட்ரோல் பேனலா?

2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது, தொடுதிரையை மனதில் வைத்து, கணினியின் அமைப்புகளை மாற்ற ஒரு புது செட்டிங்ஸ் திரையும் கூடவே வந்தது. அதே வேலைக்கு முன்பிருந்தே உள்ள பழைய கன்ட்ரோல் பேனல் மட்டும் இன்றுவரை ஒழியவில்லை. அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆள் நான். என் ஓட்டு பழசுக்குத்தான்.

பார்க்க அழகு, தேடுவது எளிது, புளூடூத், அப்டேட், நைட் லைட் எல்லாம் ஒரே இடம். இதிலெல்லாம் செட்டிங்ஸ்தான் முந்துகிறது, மறுக்கவில்லை.

எனக்கு இடிப்பது ஒன்றே ஒன்று: செட்டிங்ஸில் ஒரு நேரத்தில் ஒரு ஜன்னல்தான். ஒலிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நெட்வொர்க் பக்கத்தைத் திறக்க முடியாது. முதலில் பார்த்தது போய்விடும். கையகலப் போனில் இது சரி. இத்தனை பெரிய மானிட்டரை மேசைமேல் வைத்துக்கொண்டு எதற்கு இந்தக் கஞ்சத்தனம்? பழைய முறையில் ஒலிக்கு ஒரு ஜன்னல், நெட்வொர்க்குக்கு ஒரு ஜன்னல், பவருக்கு இன்னொன்று என்று பரப்பி வைத்துக்கொண்டு வேலை பார்க்கலாம்.

ஒரு கணினிக்கு நிலையான ஐபி, அதாவது நெட்வொர்க்கில் மாறாத முகவரி எண், கொடுப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பெட்டியில் 192.168.1.50 என்று அடித்து டேப் விசையைத் தட்டினால், முகவரியின் எந்தப் பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று சொல்லும் 255.255.255.0 (சப்நெட் மாஸ்க்) தானாக வந்து உட்காரும். விண்டோஸ் 10 செட்டிங்ஸில் அந்த இடத்தில் அதையே வேறு விதமாகச் சொல்லும் 24 என்ற எண்ணை நாமே போட வேண்டும். பழகிய கை 255-இல் ஆரம்பிக்கும், அது ஏற்காது. வைஃபையும் கேபிள் இணைப்பும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும் பட்டியலில், ரைட் கிளிக்கில் ஒன்றை நிறுத்துவது பழசில்தான்.

வேடிக்கை என்னவென்றால், விண்டோஸ் 11 செட்டிங்ஸில் கூடுதல் ஒலி அமைப்புகளை அழுத்தினால் திறப்பது அதே பழைய பெட்டி!

தொடுதிரை லேப்டாப்பில் நான் அதிகம் வேலை பார்த்ததில்லை. அதில் செட்டிங்ஸ் வசதியாக இருக்கலாம். பழைய பெட்டிகளின் பொடிப் பொத்தான்கள் விரலுக்கு ஆகாது. பழசு மெல்லத் தேய்ந்துகொண்டு வருவதும் உண்மை. கணினி விவரம் காட்டும் சிஸ்டம் பக்கம் 2020 இறுதியில் வந்த அப்டேட்டிலேயே செட்டிங்ஸுக்குப் போய்விட்டது.

அதனால் கன்ட்ரோல் பேனல் மெனுவைத் தேடி அலைவதில்லை. விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, ncpa.cpl என்று அடித்தால் நெட்வொர்க் பட்டியல் நேராக வரும். ஒலிக்கு mmsys.cpl. விண்டோஸ் 11-லும் இரண்டும் வேலை செய்கின்றன.