ஓடனா, டுரான்டா? 2007 டிராஃப்டின் முதல் இடம்

2007 ஜூன் 28 அன்று நியூயார்க்கில் நடந்த என்.பி.ஏ. (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) டிராஃப்டில் போர்ட்லாந்து டிரெயில் பிளேசர்ஸ் முதல் ஆளாக கிரெக் ஓடனை எடுத்தது. இரண்டாவது இடத்தில் இருந்த சியாட்டில் சூப்பர்சானிக்ஸ் கெவின் டுரான்டை எடுத்தது. பிறகு நடந்தது ஊரறிந்த கதை. ஓடன் முழங்கால் அறுவை சிகிச்சைகளுக்கு நடுவே என்.பி.ஏ.யில் மொத்தமே 105 ஆட்டங்கள்தான் ஆடினார். டுரான்ட் 2014இல் எம்.வி.பி. (சீசனின் மிக மதிப்புமிக்க வீரர்) ஆனார், 2017, 2018 இரண்டு ஆண்டும் சாம்பியன் பட்டம் வென்றார். அதனால் இன்றைக்கு யாரைக் கேட்டாலும் போர்ட்லாந்து கோட்டை விட்டது என்பார்கள். விடைத்தாளைப் பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதினால் யாரும் நூற்றுக்கு நூறு வாங்கலாம். அந்த ஜூன் மாதம் வரை தெரிந்ததை மட்டும் வைத்து இருவரையும் எடை போட்டால் யார் முந்துவார்? என் கணக்கில் அப்போதும் டுரான்ட்தான். ஆனால் வித்தியாசம் நூலிழை. ஓடனின் முழங்காலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

முதலில் டிராஃப்ட் பற்றி ஒரு வார்த்தை. இது ஏலம் அல்ல, அணிகள் புது வீரர்களை வரிசைப்படி ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு. முந்தைய சீசனில் பிளே ஆஃப் எனும் இறுதிச் சுற்றுகளுக்குள் வராத அணிகளுக்கு, வரிசையின் முதல் இடங்கள் யாருக்கு என்று குலுக்கல் நடக்கும்; மோசமாக ஆடிய அணிக்கு வாய்ப்பு அதிகம். 2007இல் வெறும் 22 ஆட்டங்களை வென்ற மெம்பிஸுக்கு முதலிடம் கிடைக்க 25 சதவீத வாய்ப்பு இருந்தது, போர்ட்லாந்துக்கு 5.3 சதவீதம்தான். குலுக்கலில் மெம்பிஸ் நான்காவது இடத்துக்குச் சரிந்தது, போர்ட்லாந்து முதலிடத்துக்கு ஏறியது. பள்ளியிலிருந்து நேராக என்.பி.ஏ.வுக்குள் நுழையக் கூடாது என்ற விதி அதற்கு முந்தைய ஆண்டுதான் அமலுக்கு வந்திருந்தது. அதனால் ஓடன், டுரான்ட் இருவரும் ஒரே ஒரு வருடம் கல்லூரியில் ஆடினார்கள். அலச நம்மிடம் இருப்பது அந்த ஒரு வருடம்தான்.

ஓடன் ஒஹாயோ ஸ்டேட் கல்லூரி அணியின் சென்டர், அதாவது கூடைக்குப் பக்கத்தில் ஆடும் உயரமான ஆள். ஏழடி உயரம், 115 கிலோவுக்கு மேல் எடை. வலது மணிக்கட்டில் அறுவை சிகிச்சை செய்ததால் சீசனின் தொடக்க ஆட்டங்களில் இறங்கவில்லை. இறங்கிய பிறகும் கொஞ்ச காலம் எதிரணியின் ஃபவுலுக்குக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோக்களை இடது கையால் எறிந்தார். அந்த நிலையிலும் சராசரி 15.7 புள்ளிகள், 9.6 ரீபவுண்டுகள் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 3.3 பிளாக்குகள் (எதிராளி எறியும் பந்தைத் தடுப்பது). கூடைக்குப் பக்கத்தில் அவர் நின்றாலே எதிரணி ஆட்கள் வேறு வழி தேடினார்கள். அது எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது.

அவருடைய மிகச் சிறந்த சான்றிதழ் ஏப்ரல் 2 அன்று அட்லாண்டாவில் நடந்த தேசியக் கல்லூரிப் போட்டியின் இறுதி ஆட்டம். எதிரே ஃப்ளோரிடா, உள்ளே ஜோகிம் நோவா, ஆல் ஹார்ஃபர்ட். இருவருமே பின்னால் என்.பி.ஏ.யில் ஆல் ஸ்டார் ஆனவர்கள். ஓடன் 25 புள்ளிகள், 12 ரீபவுண்டுகள், 4 பிளாக்குகள் எடுத்தார். அணி 84-75 என்று தோற்றது, ஆனால் அவரைக் குறை சொல்ல அன்றைக்கு ஒன்றும் இல்லை. குறை அதற்கு முந்தைய ஆட்டங்களில் இருந்தது. சேவியருக்கு எதிராக ஐந்து ஃபவுலும் வாங்கி வெளியேறினார். அவர் இல்லாமலே ஒஹாயோ ஸ்டேட் கூடுதல் நேரத்தில் ஜெயித்தது. ஜார்ஜ்டவுனுக்கு எதிரான அரையிறுதியிலும் ஃபவுல் தொல்லையால் நெடுநேரம் பெஞ்சில்தான் இருந்தார், அணி அப்போதும் ஜெயித்தது. மைக் கான்லி மாதிரி பந்தை நடத்திச் செல்லும் ஆள் பக்கத்தில் இருந்தார் என்பது இதில் பாதிக் காரணம். ‘அணியை இறுதிவரை தூக்கிச் சென்றவர்’ என்று அவர் பெயருக்கு எழுதியதில் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும்.

டுரான்ட் பக்கம் கதை தலைகீழ். டெக்சாஸ் அணியில் சராசரி 25.8 புள்ளிகள், 11.1 ரீபவுண்டுகள். ஆண்டின் சிறந்த வீரருக்கான நெய்ஸ்மித், வுடன் விருதுகளை முதலாம் ஆண்டு மாணவர் ஒருவர் வாங்கியது அதுதான் முதல் முறை. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து 40 சதவீதம், ஃப்ரீ த்ரோவில் 80 சதவீதத்துக்கு மேல். ஆனால் தேசியப் போட்டியின் இரண்டாவது சுற்றிலேயே டெக்சாஸ் யு.எஸ்.சி.யிடம் 87-68 என்று உதை வாங்கித் திரும்பியது. அன்று டுரான்ட் 30 புள்ளிகள் எடுத்தார். இதை அவருக்கு எதிரான ஆதாரமாகக் காட்டியவர்கள் உண்டு. எனக்கு அது அவர் அணியின் மிச்சப் பேரைப் பற்றித்தான் சொல்கிறது.

அப்புறம் அந்த பெஞ்ச் பிரஸ் விவகாரம். டிராஃப்டுக்கு முந்தைய உடற்தகுதி முகாமில் 185 பவுண்டு, அதாவது சுமார் 84 கிலோ எடையை டுரான்ட்டால் ஒரு தடவைகூடத் தூக்க முடியவில்லை. ஊடகங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. 18 வயதில் ஒல்லியாக இருப்பது ஒரு குறையா? எடையைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம், உயரத்தைக் கூட்ட முடியாது. அதே முகாமில் அளந்த இன்னொரு எண் பலர் கண்ணில் படவே இல்லை. விரித்த கைகளின் நீளம் இருவருக்கும் கிட்டத்தட்ட சமம், ஏழடி நான்கு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். சென்டருக்கு உள்ள கை, வெளியில் நின்று எறிகிற ஆளுக்கு! அவர் எறியும் பந்தைத் தடுக்க யாரால் முடியும் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

‘போர்ட்லாந்துக்குத் தேவை சென்டர்தானே’ என்ற வாதத்துக்கு வருவோம். பிராண்டன் ராய் அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம், லமார்கஸ் ஆல்ட்ரிட்ஜ் ஃபார்வர்டாக வளர்ந்துகொண்டிருந்தார். உள்ளே ஒரு மலை வேண்டும் என்று பொது மேலாளர் கெவின் பிரிட்சார்ட் நினைத்ததில் தப்பில்லை. ஆனால் டுரான்ட் ஆடும் ஸ்மால் ஃபார்வர்டு இடமும் அப்போது நிரம்பியிருக்கவில்லை. அந்த சீசனில் அங்கே பெரும்பாலும் தொடங்கியவர் ஈமே உடோகா, உழைப்பாளி, நட்சத்திரம் அல்ல. போதாததற்கு, அணியிலேயே அதிகப் புள்ளி எடுத்த சாக் ராண்டால்ஃபை டிராஃப்ட் அன்றே நியூயார்க்குக்கு அனுப்பிவிட்டார்கள். ஆக, தேவை என்று பார்த்தால் இருவருக்குமே இடம் இருந்தது. இந்த வாதம் எந்தப் பக்கமும் சாயவில்லை.

சாய்த்தது வரலாறு. 1999 முதல் 2007 வரை ஒன்பது சாம்பியன் பட்டங்களில் எட்டு, டிம் டங்கன், ஷகீல் ஓ’நீல் என்ற இரண்டு பெரிய ஆட்களில் ஒருவர் இருந்த அணிகளுக்குப் போயின. அந்த டிராஃப்டுக்கு இரண்டு வாரம் முன்புதான் டங்கனின் சான் அன்டோனியோ கோப்பையைத் தூக்கியிருந்தது. பெரிய ஆள் இருந்தால்தான் கோப்பை என்ற நம்பிக்கை மூடநம்பிக்கை அல்ல. கண் முன்னால் ஆதாரம் இருந்தது. ஓடனை எடுத்தவர்களின் மிக வலுவான வாதம் இதுதான்.

இங்கேதான் நான் பிரிகிறேன். 2004-05 சீசனிலிருந்தே, வெளியில் பந்தோடு நிற்பவர் மீது கை வைத்துத் தடுப்பதை நடுவர்கள் கறாராக ஃபவுல் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். தானே பந்தை வைத்துக்கொண்டு தானே வாய்ப்பை உண்டாக்கிக்கொள்ளும் ஆளின் மதிப்பு ஏறிக்கொண்டிருந்தது. சென்டருக்கு யாராவது பந்தைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். ஃபவுல் அவரை உட்கார வைக்கும். ஃப்ரீ த்ரோவில் 60 சதவீதத்தைக் கொஞ்சம்தான் தாண்டுகிறார் என்றால் கடைசி நிமிடங்களில் அவரை நம்பிக் கொடுப்பதும் கஷ்டம். டுரான்ட்டுக்கு இந்த மூன்று கவலையும் இல்லை. டிஃபென்ஸில் ஓடன் பல படி மேலே, ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் நூலிழை என்றேன்.

காயத்தை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை? மணிக்கட்டு ஆறிவிட்டது. முழங்காலில் மைக்ரோஃபிராக்சர் (குருத்தெலும்பைச் சரிசெய்யும்) அறுவை சிகிச்சை நடந்தது செப்டம்பரில், டிராஃப்டுக்குப் பிறகு. இதே போர்ட்லாந்து 1984இல் மைக்கேல் ஜோர்டனை விட்டுவிட்டு சாம் போவியை எடுத்ததோடு இதைச் சேர்த்துக் கிண்டல் செய்வார்கள். அது நியாயமில்லை. போவி கால் காயத்தால் கென்டக்கியில் இரண்டு முழு சீசன்களைத் தவறவிட்டவர். ஆபத்து ஊருக்கே தெரியும். ஓடன் விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது.

சியாட்டிலுக்குத்தான் இந்தத் தலைவலியே இல்லை. மிஞ்சியவரை எடுத்தால் போதும். டுரான்ட்டை எடுத்த அன்றே ரே ஆலனை பாஸ்டனுக்கு அனுப்பி, மொத்த அணியையும் அந்த 18 வயதுப் பையன் கையில் கொடுத்துவிட்டார்கள்.