பென்சன்காரர் வீட்டுக்கு வரும் ‘மேலதிக’ காப்புறுதி: புள்ளடி போட்ட இடத்தில் கையெழுத்து வைக்காதீர்கள்

எங்கள் அப்பாவுக்கு 69 வயது. கணித ஆசிரியராக இருந்து பென்சன் எடுத்தவர். போன வருடம் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு ஒரு காப்புறுதி முகவர் வந்தார். மரியாதையான தமிழ்ப் பிள்ளை.

அப்பாவுக்கு அரசாங்க ஊழியர்களுக்கும் பென்சன்காரருக்குமான ‘அக்ரஹார’ மருத்துவக் காப்புறுதி ஏற்கெனவே இருந்தது. “அங்கிள், அக்ரஹாரவில் ஒரு அளவுக்குத்தான் தருவாங்கள். மிச்ச பில்லை நாங்கள் பார்ப்பம்” என்றார். அம்மா கொடுத்த பிளேன்ரீயைக் குடித்துக்கொண்டே ஆங்கிலப் படிவத்தைத் தானே நிரப்பி, நான்கு இடத்தில் பென்சிலால் புள்ளடி போட்டு நீட்டினார். நாற்பது வருடம் பிள்ளைகளின் விடைத்தாளை வரி வரியாகத் திருத்திய மனிதர், நான்கிலும் வாசிக்காமல் கையெழுத்து வைத்தார். வருடக் கட்டுப்பணம் 72,000 ரூபா.

அப்போதே அப்பாவுக்கு வலது கண்ணில் கண்புரை. லிப்டன் சுற்றுவட்டத்துக்குப் பக்கத்தில் உள்ள கண் ஆஸ்பத்திரியில் இலவச சத்திரசிகிச்சைக்குத் திகதியும் கிடைத்திருந்தது. முகவரிடம் சொன்னோம். “ஏன் அங்கிள் அங்க போய்க் கஷ்டப்படுறீங்கள்? ஆறு மாதம் போகட்டும், பிரைவேட்டில் செய்யலாம்” என்றார். நம்பி அந்தத் திகதியை விட்டோம். எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஏழாம் மாதம் தனியார் வைத்தியசாலையில் செய்தோம். காலை 7 மணிக்குப் போனவர் பின்னேரம் 4 மணிக்கு வீட்டில். பில் 235,000 ரூபா. கோரிக்கைக்கு இரண்டே வரியில் பதில் வந்தது: இரவு தங்கவில்லை, கொடுப்பனவு இல்லை.

அன்றிரவுதான் பொலிசியை முழுதாக வாசித்தேன். அது பில் கட்டுகிற காப்புறுதியே இல்லை. வைத்தியசாலையில் தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் 6,000 ரூபா தருகிற நாட்கொடுப்பனவுத் திட்டம். பில் இரண்டு இலட்சமானாலும் பத்து இலட்சமானாலும் அதே 6,000. கண்புரைக்கு இப்போது பெரும்பாலும் இரவு மறிப்பதில்லை. ஆக, அப்பாவின் கண்ணுக்கு ஒரு சதமும் வர வழியே இருக்கவில்லை.

இதைவிடப் பயமான விஷயம் படிவத்தில் இருந்தது. நீரிழிவு உண்டா என்ற கேள்விக்கு ‘இல்லை’. கண் நோய்க்கும் ‘இல்லை’. அப்பா பதினைந்து வருடமாகச் சீனி வருத்தத்துக்குக் கிளினிக் போகிறவர். குளிசைப் பெட்டி அந்த மேசையிலேதான் இருந்தது. நிரப்பியது யாராக இருந்தாலும் கையெழுத்து அப்பாவுடையது. நாளைக்கு நெஞ்சுவலி என்று நாலு இரவு தங்கினாலும், உண்மையை மறைத்தீர்கள் என்று சொல்லி மறுக்க அவர்களுக்கு இந்த ஒரு தாள் போதும்.

கையெழுத்து வைக்கமுதல் முகவரிடம் தயவுசெய்து இவற்றைக் கேளுங்கள்: பில்லுக்குத் தருவீர்களா, இரவுக்குத் தருவீர்களா? ஏற்கெனவே உள்ள வருத்தங்களுக்கு உண்டா, எத்தனை மாதம் கழித்து? ஒரே நாளில் வீடு திரும்பும் சிகிச்சைக்கு உண்டா? எந்த வயதுவரை புதுப்பிக்கலாம்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். தர மறுத்தால் அனுப்பிவிடுங்கள். பில்லுக்குத் தருகிற பொலிசி என்றாலும் இன்னொன்று இருக்கிறது. அக்ரஹாரவும் இதுவும் என்று இரண்டு இடத்தில் கோருவதானால், முதலில் கோருகிற இடம் மூலப் பற்றுச்சீட்டுகளை எடுத்துக்கொண்டால், உறுதிப்படுத்திய பிரதிகளையும் எவ்வளவு தந்தார்கள் என்ற கடிதத்தையும் இரண்டாவது இடம் ஏற்குமா என்று முன்னமே கேளுங்கள்.

நாங்கள் கம்பனிக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, இறுதிப் பதிலையும் எழுத்திலேயே வாங்கினோம். அந்தப் பதிலோடு, காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கும் எழுதியிருக்கிறோம். படிவத்தின் பிரதியையும் அப்பாவின் பழைய கிளினிக் கொப்பியின் பக்கங்களையும் இணைத்தோம்.

முகவர் இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை. அப்பாவின் இடது கண்ணும் மங்கத் தொடங்கிவிட்டது. அதற்குக் கண் ஆஸ்பத்திரியில் திரும்பவும் பெயர் கொடுத்துவிட்டு, திகதிக்குக் காத்திருக்கிறோம்.